கொடி வாங்கப் போனவளின் வாக்குமூலம்

ஐந்து வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. சிலர் போன் செய்து விசாரித்தீர்கள். ஒரு வாசகி, வெளிநாட்டுக்கு டூர் போய்விட்டேனோ என்று கேட்டிருந்தார். இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். படுத்திருந்தது நானில்லை, என் வீட்டுக்காரர். அவரைப் படுக்க வைத்தது நான்.

எப்படி? ஒரு கொடியால்.

சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் அந்த அதிர்ச்சி முழுதாக இறங்கவில்லை. காய்கறிக் கூடையைப் பார்த்தால் கை தானாகப் பின்னால் போகிறது.

அவனியாபுரத்தில் எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. மதியம் இரண்டு மணியானால் வெயில் நேராக முன்சுவரில் வந்து அடிக்கும். சூரியன் மறைந்த பிறகும் சுவரில் கை வைக்க முடியாது. அதை ஒட்டி உள்ளே போட்டிருக்கும் சோபாவில் சித்திரை, வைகாசியில் யாரும் உட்காருவதில்லை. துவைத்த துணிகள்தான் உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவர் முழுக்க ஒரு கொடியை ஏற்றிவிட்டால் வீடு கொஞ்சம் குளிருமே... பூவும் பூத்தால் தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்களே...

இந்த ஆசையில் நான்கு வருடம் போனது.

முதலில் ஆன்லைனில் ஒரு கொடி வரவழைத்தேன். படத்தில் ஊதாப்பூ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. குளிர்ப் பிரதேசத்துக் கொடி என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். மதுரை வெயிலில் பதினோரு நாள் இருந்தது. அடுத்து காகிதப்பூ. அது ஜோராக வளர்ந்தது — முள்ளும் வளர்ந்தது. மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரின் சட்டை தோள்பட்டையில் கிழிந்தபோது அதை வெட்ட வேண்டியதாயிற்று. ரங்கூன் மல்லி எட்டே மாதத்தில் மின்கம்பியைப் பிடித்துவிட்டது. லைன்மேன் வந்து அடியோடு அறுத்துப் போட்டார். நான்காவது ஒரு பூண்டுக்கொடி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. இலை ஓரமெல்லாம் கருகி, ஒரு பூகூட விடாமல் கண்ணை மூடியது.

இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்? நான் விடவில்லை.

பேரையூரில் என் தங்கை இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும் வழியில், டி. கல்லுப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரத்தில் ஒரு நர்சரி. பச்சை வலை கட்டிய கொட்டகை. நடத்துவது பேச்சியம்மாள் என்ற பெண். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். பேச்சு கம்மி, வேலை சுறுசுறு. சித்திரைக் கடைசியில் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி அவளிடம் போய் நின்றேன். வெயில் தாங்க வேண்டும், உப்புத் தண்ணீர் தாங்க வேண்டும், நாங்கள் ஊருக்குப் போனால் பத்து நாள் தண்ணீர் இல்லாமலும் கிடக்க வேண்டும், முள் கூடாது, பூ வேண்டும் என்று என் நிபந்தனைகளை அடுக்கினேன். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இத்தனை கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு மணி நேரம் ஒவ்வொரு கொடியாக விசாரித்தேன். இது எவ்வளவு உயரம் போகும்? அது எந்த மாதம் பூக்கும்? அவளும் சலிக்காமல் பதில் சொன்னாள். கடைசியில் காந்தளில் வந்து நின்றோம்.

‘வெயிலுக்கு மேல எல்லாம் காஞ்சு, செத்தது மாதிரி கெடக்கும்க்கா. கெழங்கு உள்ள உசுரோட இருக்கும். ரெண்டு மழை பெஞ்சா எந்திரிச்சிரும்.’

சிவப்பும் மஞ்சளுமாக, நெருப்பு மேல்நோக்கி எரிவதுபோல் இருக்குமே, அந்தப் பூ. நம் மாநில மலர். பள்ளிக்கூடத்தில் பெண்களின் விரலுக்கு உவமையாகப் படித்தது. பேரையூர்ப் பக்கம் வேலிப் புதர்களில் தானாக ஏறிக் கிடக்கும். பஸ் ஜன்னலிலிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்வது. இதைவிட உறுதியான கொடி வேறு என்ன வேண்டும்?

பேச்சியம்மாள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு மண்ணுக்குள்ளிருந்து நான்கு கிழங்குகளை எடுத்தாள். சுத்தமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். பழைய செய்தித்தாளில் சுற்றியபடியே கேட்டாள்: ‘வீட்டுல சின்னப்புள்ளைக, ஆடு மாடு எதுவும் இருக்காக்கா?’

மகள் கோவையில் இருக்கிறாள், வீட்டில் நாங்கள் இருவர்தான் என்றேன். ‘அப்பச் சரி’ என்று பொட்டலத்தைக் கொடுத்தாள். மழை வரும்வரை காய்ந்த, இருட்டான இடத்தில் வைக்கச் சொன்னாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கேள்வி கேட்ட வாய், அந்த ஒரு இடத்தில் மூடிக்கொண்டது.

எங்கள் வீட்டில் காய்ந்த, இருட்டான இடம் எது? சமையலறை மேடைக்குக் கீழே. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில்.

வைத்தேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கருப்பையா. முப்பது வருடத்துக்கு மேலாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் காலையில் மட்டும் திறக்கிறார். எந்தப் பொருளும் வீணாகக் கூடாது அவருக்கு. வதங்கிய கத்தரிக்காயைக்கூட நான் குப்பையில் போட்டால் எடுத்துத் திருப்பி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் சமையல். நன்றாகவே சமைப்பார், அதை அவரே ஒத்துக்கொள்வார். இன்னொன்று — தலைமுடி. அறுபத்தொரு வயதில் அவ்வளவு அடர்த்தி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை டை. தெருவில் அந்த முடிக்கென்று ஒரு பெயரே உண்டு.

வைகாசியில் ஒரு ஞாயிறு. தங்கை பேத்திக்குப் பேரையூரில் காதுகுத்து. முழங்கால் வலி, பஸ்ஸில் வர முடியாது என்று அவர் வீட்டில் இருந்துகொண்டார். நான் விடிகாலையில் கிளம்பிப் போனேன். பத்து மணிக்குப் போன் செய்தால், சமையல் முடிந்து சாப்பிட்டும் ஆகிவிட்டது என்றார். கிழங்கு வறுத்தாராம். கொஞ்சம் கசந்ததாம். ‘ரொம்ப நாளாக் கெடந்த கெழங்கு போல’ என்றார். மொட்டை அடித்த குழந்தையின் அழுகையும் மேளச்சத்தமும் சேர்ந்து காதை அடைத்தன. சரி சரி என்று வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். கதவு திறந்து கிடந்தது. ஹாலில் வெறுந்தரையில் சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் பக்கெட். மதியத்திலிருந்து நிற்காத வாந்தி, வயிற்றுப்போக்கு. எனக்குப் போன் செய்யவில்லை — விசேஷ வீட்டில் எதற்குத் தொந்தரவு என்று நினைத்தாராம். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று முனகினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மோர் கலக்கச் சமையலறைக்குள் போனேன்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் கிழங்குத் தோல் கிடந்தது.

பழுப்புத் தோல். வெள்ளை ஓரம். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. நான்கில் ஒன்றுகூட மீதி இல்லை. அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் காந்தளைச் சமைத்துவிட்டாரே! வள்ளிக்கிழங்கு என்று நினைத்திருக்கிறார் மனிதர்... அப்புறம்தான், அந்தப் பிளாஸ்டிக் கவர் மாட்டிய கை கண் முன்னால் வந்தது.

பேச்சியம்மாள் நம்பர் என்னிடம் இருந்தது. போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் மெல்லிய குரலில் சொன்னாள்:

‘அக்கா, அது வெசம். மோரு கீரு குடுத்துக்கிட்டு இருக்காதீக. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தத் தோலையும் எடுத்துக்கங்க.’

விஷம் என்ற சொல்லை நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். கதையில், கட்டுரையில், அரசியல்வாதியின் பேச்சைப் பற்றி... என் சமையலறையில் நின்றுகொண்டு, என் காதில் அந்தச் சொல் விழுந்தபோதுதான் அதற்கு உண்மையான அர்த்தம் தெரிந்தது.

அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். ஆட்டோவுக்குச் சொன்னேன். தோலை ஒரு டிபன் பாக்ஸில் போட்டேன். நான்கு கிழங்கையும் நீங்களே சாப்பிட்டீர்களா என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இருக்கிறதே... முதல் அதிர்ச்சியே பரவாயில்லை என்றாகிவிட்டது.

‘ரெண்டு துண்டுதான் நான் சாப்ட்டேன். கசந்துச்சு. மிச்சத்த அந்தம்மா வீட்டுக்குக் குடுத்தேன். அவுகளுக்குத்தான் கெழங்குன்னா புடிக்குமே.’

அந்தம்மா என்றால் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அம்மா. மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை அவர் எது சமைத்தாலும் ஒரு கிண்ணம் அங்கே போகும், அங்கிருந்தும் வரும். இருபது வருடப் பழக்கம்.

வாசலுக்கும் அவர்கள் வீட்டுக்கும் எட்டு அடி இருக்குமா? அந்த எட்டு அடியை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. செருப்பில்லை. முந்தானை ஒரு பக்கம். கிழங்கைச் சாப்பிட்டீர்களா, கிழங்கைச் சாப்பிட்டீர்களா என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டேனாம். நூர்ஜஹான் அம்மா பயந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். தட்டு மூடியபடி அந்தக் கிண்ணம் அப்படியே இருந்தது. அன்று அவர்கள் வீட்டில் பிரியாணி. பிரியாணி இருக்கும்போது கிழங்கு வறுவலை யார் தொடுவார்கள்? சாயங்காலம் குழந்தைகளுக்கு ரசம் சாதத்தோடு கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தாராம்.

அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நூர்ஜஹான் அம்மாவின் மகன்தான் என்னை எழுப்பி, எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தானும் கூட வந்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது. நர்ஸைக் கூப்பிட்டு ஏதேதோ சொன்னார். குழாய், ஊசி, ரத்தம் எடுக்கிறவர் என்று ஆட்கள் ஓடி வந்தார்கள். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசினார்.

ஏன் தனியாக? எனக்குப் புரியவில்லை. மனைவிக்குத் தெரியாமல் என்ன பேச்சு?

அரை மணி நேரத்தில் போலீஸ் ஏட்டு ஒருவர் வந்தார். விஷம் என்றாலே போலீசுக்குத் தகவல் போக வேண்டும், அது விதி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாது. அவரும் முதலில் உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் பேசினார். வெளியே வந்து நோட்டைப் பிரித்தார்.

‘ஏம்மா, ஒங்களுக்குள்ள சண்ட சச்சரவு எதுவும் உண்டா?’

இல்லை என்றேன். ‘அவரு, முப்பத்து நாலு வருசமாத் தெனமும் உண்டுங்கிறாரே’ என்றார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் மனிதருக்கு நக்கல். ஏட்டு அதைச் சிரிக்காமல் எழுதி வைத்திருந்தார்.

கிழங்கை யார் வாங்கியது என்று கேட்டார். நான்தான், நர்சரியில், சுவரில் ஏற்ற என்றேன். பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘தானே சந்தையில வாங்குனதா அவரு சொல்றாரு. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றீங்க?’

நான் என்ன சொல்வேன்? உள்ளே உயிருக்குப் போராடுகிற மனிதர் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? ஏட்டும் அதைத்தான் யோசித்தார். பொய் சொல்வது நான் என்று முடிவு செய்தார் — அவர் பார்வையிலேயே தெரிந்தது. எத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லி எழுதுகிறேன். ஒரு பெஞ்சில், செருப்பில்லாத காலோடு, புருஷனுக்கு விஷம் வைத்தவளாக உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரிடம் போய் அழுதேன். நீங்களுமா என்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: ‘கேக்காம இருக்க முடியாதும்மா. இந்தக் கிழங்கைத் தெரியாம சாப்ட்டு வர்றவங்க கொஞ்சப் பேர்தான்.’

மற்றவர்கள்? அவர் மேலே சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டு வேலியிலேயே வளர்வது. யாரிடமும் கேட்க வேண்டாத, கடைக்குப் போக வேண்டாத ஒன்று. மனம் உடைந்த ஒரு நேரத்தில் யாருடைய கைக்கும் எட்டுவது. என்ன அழகு என்று நான் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த அந்தப் பூவை, அந்த டாக்டர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வார்டு வாசலில் பேச்சியம்மாள் நின்றாள்.

கையில் ஒரு சாக்குப்பை. அதற்குள் வேரோடு பிடுங்கிய ஒரு காந்தள் — காய்ந்த தண்டும் கிழங்குமாக. டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எடுத்து வந்திருந்தாள். போலீஸ் கேஸ் ஆகும், போகாதே, நர்சரியை மூடச் சொல்லிவிடுவார்கள் என்று அவள் வீட்டில் தடுத்திருக்கிறார்கள். முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். ஏட்டு எங்கே என்று அவளாகக் கேட்டுப் போய், கிழங்கை விற்றது தான்தான் என்று சொன்னாள். நான் ஒரு மணி நேரம் நின்று வெயிலையும் தண்ணீரையும் பற்றி விசாரித்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

‘சின்னப்புள்ள இருக்கான்னு கேட்டேன்க்கா. ஏன் கேக்குறேன்னு சொல்லாமப் போனேன். எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்.’

நானும் கேட்கவில்லையே என்றேன். நீ சாலையோரத்தில் உட்கார்ந்துகொண்டு செடி விற்கிறவள். நான் எல்லாம் தெரிந்தவள்போல எழுதுகிறவள். கேட்டிருக்க வேண்டியது நான்தான்.

மூன்றாம் நாள் வாந்தி நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகலாம், இட்லி வேண்டும் என்றார் அவர். எனக்கும் உயிர் வந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ‘இனிமேதான்மா கவனமாப் பாக்கணும்’ என்றார். அது இப்படித்தானாம். விட்டதுபோல விட்டு, பிறகு உள்ளே போய்ப் பிடிக்குமாம். அதேபோல நான்காம் நாள் ரத்தத்தில் அணுக்கள் சரியத் தொடங்கின. சிறுநீரகம் சுணங்கியது. ஐ.சி.யு. கண்ணாடிக்கு வெளியே நானும் கோவையிலிருந்து வந்த மகளும் மாறி மாறி நின்றோம். மகள் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

எட்டாம் நாள் அணுக்கள் கொஞ்சம் ஏறின. ஒன்பதாம் நாள் இன்னும் கொஞ்சம். பத்தாம் நாள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரெண்டு துண்டோடு நிறுத்தினாரே, அதுதான் காப்பாற்றியது என்றார் டாக்டர். அந்தக் கசப்புக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, தலையணை முழுக்க முடி.

பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். இந்த விஷத்துக்கு அப்படித்தான் ஆகும், திரும்ப முளைக்கும் என்றார். என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக் கோதினார். கோதிய கையோடு ஒரு கொத்து வந்தது. இரண்டே நாளில் தலை வழவழவென்று ஆகிவிட்டது. கண்ணாடி கேட்டார். கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் அழவில்லை. நான்தான், அத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன். சந்தையில் வாங்கியதாக ஏன் ஏட்டிடம் பொய் சொன்னீர்கள்? அந்தப் பொய்யால் நான் கொலைகாரியாகியிருப்பேனே?

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

‘நீ வாங்குனேன்னு சொன்னா ஒன்னையத்தான இழுத்துட்டுப் போவாக. நான் பொழப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியல. நான் போய்ட்டா ஒனக்காகப் பேச ஆரு இருக்கா? அதான், எந்தலையில போட்டுக்கிட்டேன்.’

உயிர் போகுமா இருக்குமா என்ற நேரத்தில் அவர் இதை யோசித்திருக்கிறார். முப்பத்து நாலு வருடமாகத் தினமும் சண்டை போட்ட மனிதர். இந்த ஐந்து வாரத்தில் எனக்கு விழுந்த அதிர்ச்சிகளிலேயே பெரியது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். முந்தானையால் அந்த மொட்டைத் தலையைத் துடைத்துவிட்டேன். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். நூர்ஜஹான் அம்மா தினமும் கஞ்சி கொடுத்து அனுப்புகிறார். நான் பதிலுக்கு எது கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறார். பெரிய மனசு.

கொடி வைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு திரும்பிய பிறகு பேச்சியம்மாளிடம் போய், அன்று கேட்காமல் விட்டதையெல்லாம் உட்கார்ந்து கேட்டேன். மஞ்சள் பூ பூக்கும் அலமண்டா கொடியை அடுத்ததாக வாங்க நினைத்திருந்தேன் — அதன் பால் ஆகாதாம். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று குழந்தைகள் பொறுக்கும் குன்றிமணி... கொடியும் உறுதி, விதையும் கொடிய விஷம். எத்தனை அடி ஏறும், என்ன கலரில் பூக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கடித்தால் என்ன ஆகும், பால் பட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். வாங்கி வந்த பொட்டலத்தின் மேல் ‘விதைக்கிழங்கு, விஷம்’ என்று எழுதி ஒட்டுங்கள். முக்கியமாக, சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

காந்தளையே யாரும் வளர்க்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தெரிந்து வளர்ப்பவர்கள் வளர்க்கட்டும். பேச்சியம்மாள் இப்போது ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டை குத்தியிருக்கிறாள். விஷச் செடிகளுக்குச் சிவப்பு அட்டை. நான் போன அன்று பாதிக் கொட்டகை சிவப்பாக இருந்தது. விற்பனை குறையாதா என்று கேட்டேன். குறைந்தால் குறையட்டும் என்றாள்.

எங்கள் சுவருக்குப் பிரண்டை போட்டிருக்கிறோம். ஆமாம், பிரண்டைதான். வெயில், உப்பு, வறட்சி எதையும் சட்டை செய்யாது. பூ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். ஆனால், துவையல் அரைக்கலாம். இந்த முறை தேர்ந்தெடுத்தது அவர். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டறையிலிருந்து இரும்புக் கம்பிகளை வெட்டிக் கொண்டுவந்து, அதற்கு ஒரு சட்டமும் அடித்துக் கொடுத்தார்.

அத்தோடு விட்டாரா? போன வாரம் பட்டறை மார்க்கரை எடுத்து வந்து சமையலறையில் இருக்கிற டப்பா, பாட்டில், கூடை எல்லாவற்றிலும் ‘சாப்பிடலாம்’, ‘சாப்பிடக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டார்.

நேற்று நான் உப்புமா கிண்டி மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், மூடி மேல் வெறும் கேள்விக்குறி.